கையிலே தொழில், கையிலே சான்றிதழ்



ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் போயிருப்பவர்கள் அங்குள்ள பெரிய ஏரியைப் பார்த்திருப்பீர்கள். அது இயற்கை ஏரியன்று. ஈயம் தோண்டிய சுரங்கப் பள்ளம். ஈயம் ஓய்ந்தது, தண்ணீர் நின்றது. அதே வட்டாரத்தில் 1931-இல் செர்டாங் விவசாயப் பள்ளி தொடங்கியது. 1947-இல் அது கல்லூரியாகி, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. மண்ணுக்குள் இருந்த செல்வம் தீர்ந்தது. பள்ளியில் விதைத்தது வளர்ந்தது. இதை மனத்தில் வைத்து, நம் மக்கள் தொழிற்கல்வியை எட்டிய வரலாற்றைப் பார்ப்போம்.

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பிறகு பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக்காரர்களின் குடியிருப்பாயிற்று. செந்தூல் பட்டறையில் நம்மவர் சுத்தியலும் அரமும் பிடித்தனர். தோட்டத்து ரப்பர் ஆலையிலும் அப்படித்தான். எஞ்சின் சத்தம் மாறினால், எந்தப் பாகம் தேய்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அறிவுக்கு எழுத்தில் சான்று இல்லை. வேறு தோட்டத்துக்குப் போனால் அவர் மறுபடியும் கூலியாள்தான்.

அக்காலத்தில் தொழிற்கல்விக் கூடம் இல்லாமல் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோலாலம்பூரில் தொழில்நுட்பப் பள்ளி இருந்தது. அதன் வழிவந்ததே 1975-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்தப் பள்ளியோ ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. நம் பிள்ளைகளுக்கு அறிவு குறையவில்லை. ஏறுவதற்கு இடையிலே படிகள்தான் இல்லை.

அந்தப் படியைத் தொழிலாளரே கட்ட முனைந்ததும் உண்டு. வி. டேவிட் தலைமைச் செயலாளராக இருந்த போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம், 1970-களில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் தொழிலாளர் தொழில்நுட்பக் கழகத்தை ஏற்படுத்தியது. உழைப்பவர்களின் சந்தாவில் நடந்த சங்கம், உழைப்பவர் பிள்ளைகளுக்குப் பொறியியல் கற்பித்தது. இது நாம் மறக்கக் கூடாத செய்தி.

பிறகு தோட்டங்களே மறையத் தொடங்கின. 1990-களில் பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. ஆண்டுக்கணக்காகப் பால்மரம் வெட்டிப் பழகிய கைக்குப் பட்டணத்தில் மதிப்பில்லை.

இன்று படி இருக்கிறது. 2001 முதல் அரசு சமூகக் கல்லூரிகளை நடத்தி வருகிறது. ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அருகே உலு லங்காட் மாவட்டத்திலும் ஒன்று உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்கள் மின் இணைப்பு, குளிர்சாதனம், வாகனப் பழுதுபார்ப்பு போன்ற துறைகளைக் கல்லூரிக்கு ஏற்றவாறு படிக்கலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: சரியாக அளப்பது, வரைபடம் படிப்பது, கருவியைப் பாதுகாப்பாகக் கையாள்வது. சான்றிதழ் பெற்றபின் போலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கும் முயலலாம். பெரியவர்களுக்குக் குறுகியகாலப் பயிற்சிகளும் உண்டு. பிள்ளையைச் சேர்க்கப் போகும் தகப்பனாரும் தமக்கொன்று கேட்டு வரலாம்.

ஆசிரியர்களாகிய நாங்களும் ஒரு தவறைச் செய்திருக்கிறோம். கணக்கில் பின்தங்கிய பையனைப் “படிப்பு ஏறாதவன்” என்று பின்வரிசையில் உட்கார வைத்தோம். அவனே ஒருநாள் வகுப்பில் நின்றுபோன மின்விசிறியைக் கழற்றி, தேய்ந்த பாகத்தை எடுத்துக் காட்டினான். அன்றுதான் எங்கள் கண் திறந்தது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் சைக்கிளைப் பிரித்துப் போட்டு அடிவாங்கும் பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த முறை அடிக்காதீர்கள். திரும்பப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெண் பிள்ளையானாலும் அப்படியே. பூட்டத் தெரிந்த பிள்ளைக்குப் போகும் வழி எங்கே என்று பள்ளியில் வந்து கேளுங்கள்.