ஈரலின் மௌனம்

ஈரல் நோய்க்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கண் மஞ்சளித்தால் காமாலை. வயிற்றில் நீர் கோத்தால் மகோதரம். நோய் வெளித்தெரிந்த பிறகு இடப்பட்ட பெயர்கள் இவை. ஈரல் நலியத் தொடங்கும் காலத்துக்கு நம்மிடம் பெயரில்லை. அப்போது அது பெரும்பாலும் வலிப்பதுமில்லை. அந்த மௌனத்தைக் கலைக்க மருத்துவம் மேற்கொண்ட முயற்சிகளுள் ஒன்று அணு மருத்துவம்.

எக்ஸ் கதிர் உறுப்பின் உருவத்தைக் காட்டும். அணு மருத்துவமோ சிறிதளவு கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் செலுத்தி, உறுப்பு அதனை எவ்வாறு ஏற்கிறது என்று பார்க்கும். 1950களில் ஈரலுக்குக் கதிரியக்கத் தங்கத்தின் கூழ்மம் பயன்பட்டது. 1951இல் பெனடிக்ட் காசன் அமைத்த ஸ்கேனர் உடலின்மேல் வரிவரியாக நகர்ந்து படம் வரைந்தது. 1958இல் ஹால் ஆங்கரின் காமா கேமரா அப்படத்தை ஒருசேர எடுத்தது. 1937இல் இத்தாலியில் கண்டறியப்பட்ட டெக்னீசியம் 1960களில் மருத்துவத்துக்கு வந்து தங்கத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் மருத்துவ வடிவத்தின் அரை ஆயுள் 6 மணி நேரமே. ஆகவே மாலிப்டினம் அடைத்த கலத்திலிருந்து அதனை அன்றன்று 'கறந்து' எடுப்பர். அக்கலத்துக்குப் 'பசு' என்றே செல்லப்பெயர். இந்தியாவில் 1963இல் மும்பையில் கதிரியக்க மருத்துவ மையம் தோன்றியது.

தழும்பேறிய ஈரல் கூழ்மத்தைச் சரிவர ஏற்பதில்லை. மண்ணீரலும் எலும்பு மச்சையும் படத்தில் ஒளிரும். ஆனால் இது தெரிவதற்குள் நோய் பெரிதும் முற்றியிருக்கும். எனவே பெரியவர்களின் தொடக்கநிலை நோய்க்கு இன்று இரத்தச் சோதனையும், ஈரலின் விறைப்பை அளக்கும் மீயொலிக் கருவியுமே முதன்மை பெறுகின்றன.

எனினும் ஓரிடத்தில் அணுப்படம் காலத்தே உதவுகிறது. பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் சிசுவுக்கு, ஈரல் செல்கள் ஏற்றுப் பித்தத்தில் கலக்கும் டெக்னீசிய மருந்தைச் செலுத்துவர். 24 மணி நேரத்திலும் அது குடலை எட்டாவிடில் ஐயம் வலுக்கும். பிற சோதனைகள் தொடரும். அறுவை சிகிச்சை ஏறத்தாழ 60 நாள்களுக்குள் நடந்தால் பலன் கூடும்; தாமதித்தால் ஈரல் கெடும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலும் மஞ்சளித்த பச்சிளங்குழந்தையை இளவெயிலில் காட்டுவது வழக்கம். பெரும்பாலான மஞ்சள் தானே மறையும் என்பதால் இவ்வழக்கம் நிலைத்தது. ஆனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீங்காமல், மலம் சுண்ணாம்புபோல் வெளிறினால் வெயில் உதவாது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. அணு மருத்துவத் துறையுடைய புதுச்சேரி ஜிப்மர் இவ்விரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தொலைவு பெரிதன்று. மலத்தின் நிறத்தைக் கவனித்துச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்ற வேண்டும். சிசுவின் ஈரல் மௌனமாக இல்லை. அது தரும் அடையாளத்தை நாள் கடத்தாமல் படிக்க வேண்டியவர்கள் நாம்.