கோலாருக்கு ஒரு நாள்: கல்வெட்டும் சந்தையும்

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் பிசாக் என்றோர் ஊர் உண்டு. மலைமேல் இன்கா மன்னர் காலத்துக் கட்டடங்களும் படிப்படியாய் அமைத்த கழனிகளும் பாழ்பட்டுக் கிடக்கின்றன. மலையடியில் சந்தை கூடுகிறது. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் கடல் கடந்து அவ்வூருக்குச் செல்கின்றனர். இடிபாடுகளைக் கண்டு வியந்து, சந்தையிற் கம்பளம் வாங்கிக்கொண்டு, அன்றே திரும்புகின்றனர். அத்துணைப் பெரிய கட்டடங்களை எழுப்பிய இன்கா மக்களுக்கு எழுத்து என்பது இல்லை. கயிற்றில் முடிச்சிட்டே அவர்கள் கணக்கு வைத்தனர். 1532-இல் ஸ்பானியர் படையெடுத்து அவர்தம் அரசை வீழ்த்தியபின், அம்முடிச்சுகளைப் படிக்க வல்லார் அருகினர். இன்றும் அறிஞர்கள் அவற்றை முழுதும் படித்து முடித்தாரில்லை.

பெங்களூரில் வாழும் நமக்கு இத்தகைய காட்சிக்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கிழக்கே 70 கிலோமீட்டர் தொலைவுக்குள் கோலார் இருக்கிறது. அங்கே பழங்கோயில்களும் உண்டு, பெருஞ்சந்தையும் உண்டு. இன்காக்களின் ஊரில் இல்லாத ஒன்றும் உண்டு. அதுதான் எழுத்து, அதிலும் நம் தாய்மொழியின் எழுத்து. காலையிற் புறப்பட்டு இரவில் வீடு திரும்பலாம். பயண நிறுவனத்தின் துணையின்றிச் சங்கத்துக் குடும்பங்கள் தாமே வகுத்துக்கொள்ளத்தக்க பயணம் இது. போகுமுன் அறியவேண்டிய வரலாற்றையும், போகும் முறையையும் இங்கே கூற முற்படுகிறோம்.

கங்கரும் சோழரும்

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். கி.பி. 4-ஆம் நூற்றாண்டளவில் மேலைக் கங்கர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆளத் தொடங்கினர். பின்னர் அவர்தம் தலைநகர் காவிரிக் கரையிலுள்ள தலைக்காட்டுக்கு மாறியது. ஆயினும் குவளாலபுரத்துத் தலைவர் என்னும் பட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. இருக்கும் ஊர் மாறினாலும் தொடங்கிய ஊரின் பெயரை விடாமற் சுமந்தனர். ஊர்விட்டு ஊர் வந்து, இன்றும் பெயருக்கு முன்னே சொந்த ஊரின் முதலெழுத்தைச் சுமக்கும் நம்மவர்க்கு இவ்வியல்பு எளிதில் விளங்கும்.

முதலாம் இராசராசன் காலத்தில், 1004-ஆம் ஆண்டை ஒட்டி, சோழர் படை கங்க நாட்டை வென்றது. அவ்வரசன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்தும் மெய்க்கீர்த்தியில் கங்கபாடியும் நுளம்பபாடியும் இடம்பெற்றுள்ளன. கோலாரைச் சூழ்ந்த நாடு நிகரிலிசோழ மண்டலம் எனப் புதுப்பெயர் பெற்றது. நூறாண்டுக்குச் சற்று மேல் இந்நிலை நீடித்தது. 1116-ஐ ஒட்டி ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றினான். கங்க நாட்டில் சோழராட்சி முடிவுற்றது.

ஆட்சி முடிந்தது, தமிழ்க் கல்வெட்டு முடியவில்லை. இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோலார், பெங்களூர்ப் பகுதிகளை ஆண்ட ஒய்சள இராமநாதன் காலத்திலும் இங்கே தமிழில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. நம் நகரின் தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலிலும் அந்நூற்றாண்டுத் தமிழ் எழுத்துகளைக் காணலாம். வென்ற அரசன் தன் மொழியைக் கல்லில் திணித்தான் என்பதே முழு உண்மையாயின், அவ்வரசு அகன்றதும் அம்மொழியும் கல்லை விட்டு அகன்றிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. கன்னடமும் தமிழும் அறிந்த மக்கள் இந்நிலத்தில் அருகருகே வாழ்ந்தனர். தாம் அறிந்த மொழியில் தம் கொடையை எழுதுவித்தனர். ஆதலின் இக்கல்வெட்டுகளைக் கண்டு நாம் வெற்றிச் செருக்குக் கொள்ளுதல் தகாது. அயலாரின் பொருள் என்று ஒதுங்குதலும் தகாது.

பிடாரியார் கோயில்

கோலாரில் முதலிற் காணவேண்டியது கோலாரம்மன் கோயில். சோழர் கல்வெட்டுகள் இத்தேவியைப் பிடாரியார் என்று குறிக்கின்றன. செங்கல்லால் இருந்த இக்கோயிலை, முதலாம் இராசேந்திரனின் 22-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1033-ஐ ஒட்டி, அவன் ஆணைப்படி உத்தமசோழப் பிரமமாராயன் என்னும் படைத்தலைவன் கருங்கல்லால் மாற்றிக் கட்டுவித்தான். முதலாம் குலோத்துங்கனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, கோயிலின் வழிபாட்டுக்கும் பணியாளர்க்கும் நெல்லை எவ்வெவ்வாறு பகிர்தல் வேண்டும் என்று விரிவாக வகுத்துரைக்கிறது. போரும் முடியும் பேசும் கற்களுக்கிடையே, சோறும் கூலியும் பேசும் கல் இது. வரலாறு என்பது அரசர் பெயர்ப்பட்டியல் மட்டும் அன்று என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இக்கோயிலிலேயே தேளின் தேவியாகிய செல்லம்மாவுக்கும் ஓரிடம் உண்டு. அவளை வணங்கினால் தேள் கொட்டாது என்பது மக்களின் நம்பிக்கை. நிலத்திற் குடைந்த துளை ஒன்றே அங்கே உண்டியல். தலைமுறை தலைமுறையாக மக்கள் அதிற் காசு இட்டு வருகின்றனர். கங்கரும் சோழரும் ஒய்சளரும் சென்றொழிந்தனர். அன்னையை நாடி வரும் மக்கள் கூட்டமோ இன்றும் குறையவில்லை.

அருகிலேயே விசயநகரக் காலத்துச் சோமேசுவரர் கோயில் இருக்கிறது. அதன் கோபுரமும் கலியாண மண்டபத் தூண்களும் நின்று காணத்தக்கவை. இவ்வூரிலேயே ஐதர் அலியின் தந்தை பத்தே முகம்மதுவின் கல்லறையும் உள்ளது. ஐதர் பிறந்த பூதிக்கோட்டை இம்மாவட்டத்ததே. 1782-இல் சித்தூரருகே அவர் இறந்தபோது உடலை முதலில் இவ்வூரில் வைத்தே அடக்கம் செய்தனர். பின்னரே சீரங்கப்பட்டணம் கொண்டு சென்றனர்.

அவனியின் ஏரிகள்

கோலாரிலிருந்து முளுபாகல் செல்லும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு விலகினால், அவனி என்னும் சிற்றூர் வரும். மலையடியில் ஒரே வளாகத்துள் இராமன், இலக்குவன், பரதன், சத்துருக்கனன் ஆகியோர் பெயரால் அமைந்த சிவன் கோயில்கள் நிற்கின்றன. இவை 10-ஆம் நூற்றாண்டை ஒட்டி நுளம்பர் எடுப்பித்தவை. அவற்றுள் இலக்குவன் பெயரால் அமைந்ததே சிற்பச் செறிவு மிக்கது. வான்மீகி முனிவர் வாழ்ந்த இடம் இதுவென்றும், இலவனும் குசனும் இங்கே பிறந்தனர் என்றும் ஊரார் கூறுவர். மலையுச்சியில் சீதைக்கும் கோயில் உண்டு.

இவ்வூர்க் கன்னடக் கல்வெட்டு ஒன்று, திரிபுவனகர்த்தர் என்னும் துறவி 40 ஆண்டு இத்தலத்தை நடத்தி, 50 கோயில்களும் 2 பெரிய ஏரிகளும் அமைத்து, 961-இல் மறைந்தார் என்று கூறுகிறது. கோயிலோடு ஏரியையும் சேர்த்து எண்ணியமை கருதத்தக்கது. கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லை. ஏரியே இங்கு உயிர்.

சந்தை

அந்த ஏரிகளின் கதை இன்றும் தொடர்கிறது. அதில் நமக்கும் பங்குண்டு. பெங்களூரின் கோரமங்கலம், சல்லகட்டப் பள்ளத்தாக்கிற் சேரும் கழிவுநீரைத் தூய்மை செய்து, 2018 சூன் முதல் குழாய் வழியே கோலார் ஏரிகளுக்கு அனுப்புகின்றனர். அத்தூய்மை போதுமா என்னும் வாதம் எழுந்து நீதிமன்றம் வரை சென்றது. எனினும், வறண்டு கிடந்த ஏரிகள் பல நிரம்பின. நம் வீட்டில் பாத்திரம் கழுவிய நீர் கிழக்கே செல்கிறது. அங்கிருந்து தக்காளி மேற்கே வருகிறது.

அத்தக்காளியைக் கோலார் வேளாண் விளைபொருள் சந்தையிற் காணலாம். நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளுள் இது ஒன்று. 15 கிலோ கொண்ட பெட்டியே இங்கு விலைக்கு அளவு. பெட்டிகள் சுவர்போல் அடுக்கப்பட்டிருக்க, ஏலம் கூறுவோரின் குரல் ஓங்கி ஒலிக்க, பல மாநிலங்களுக்கும் லாரிகள் புறப்படும். 2023 சூலையில் நாடெங்கும் தக்காளி விலை ஏறியபோது, இங்கே ஒரு பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. விலை வீழும் காலத்திலோ பறிகூலியும் தேறாமல் உழவர் வருந்துவர். சமையலறையில் நாம் சலித்துக்கொள்ளும் விலைக்குப் பின்னே இத்துணைப் பேர் உழைப்பு இருப்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணட்டும். மாம்பழக் காலமாயின் சீனிவாசபுரச் சந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பயண முறை

காலை ஆறு மணிக்குப் புறப்படுதல் நன்று. கிருட்டிணராசபுரம், ஒசகோட்டை வழியாகக் கோலாருக்கு அரசுப் பேருந்துகள் செல்கின்றன. இரயிலில் செல்வோர் பங்காருப்பேட்டையில் இறங்கி மாறிச் செல்லலாம். பல குடும்பங்கள் ஒன்றாய்ச் சேர்ந்தால் ஒரு சிற்றுந்து அமர்த்திக்கொள்ளலாம். அவனிக்குச் செல்ல அதுவே வசதி. முதலிற் கோயில்கள், அடுத்துச் சந்தை, நண்பகலில் உணவு, பிற்பகலில் அவனி, வெயில் தாழ்ந்தபின் மலையேற்றம் என்று வகுத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். நடுப்பகலில் கோயில் நடை சாத்தப்படும் என்பதை மறத்தல் ஆகாது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்ளலாம். தண்ணீர் நிறைய வேண்டும்.

கோயிற் சுவரில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தல் வேண்டும். பல கல்வெட்டுகள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்னும் மங்கலச் சொல்லுடன் தொடங்கும். அதனை வட எழுத்தாகிய கிரந்தத்திற் பொறித்திருப்பர். அதனையடுத்துத் தமிழ் எழுத்துகள் வரும். பெரும்பாலும் புள்ளி இராது; எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். எனினும் ப, ட, ம முதலிய எழுத்துகளை இன்றைய கண்ணும் அடையாளம் காணும். ஆட்சியாண்டைக் குறிக்கும் 'யாண்டு' என்னும் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். ஒரு சொல்லைக் கண்டுபிடித்த பிள்ளை மறுசொல்லைத் தானே தேடும். சுவரில் சுண்ணம் தடவுதல், எண்ணெய் பூசுதல், கீறுதல் முதலியன அறவே கூடா.

இக்கற்களைப் படித்துப் பதிப்பித்தவர், பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயராகிய லூயிஸ் ரைஸ். அவர்தம் 'எபிகிராஃபியா கர்னாடிகா' வரிசையில் கோலார் மாவட்டத்துக்குரிய 10-ஆம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. அதில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகப் பல. பெங்களூர்ப் பகுதியில் அவர் காலத்தில் இருந்த கற்கள் பல, நகரம் வளர வளர மறைந்துபோயின. எஞ்சியவற்றை முப்பரிமாணப் படமெடுத்துக் காக்கும் பணியை நம் நகரின் மிதிக் சொசைட்டி 2021 முதல் செய்து வருகிறது. மொழி வேறுபாடு கருதாது கன்னடக் கல்லையும் தமிழ்க் கல்லையும் ஒருங்கே காக்கும் அத்தொண்டு நம் நன்றிக்குரியது.

பிறர் கல்லைக் காக்கின்றனர். நாம் காக்கவேண்டியது யாது? நம் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளுட் பலர் தமிழ் பேசுகின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்க அறியார். பாட்டி எழுதும் கடிதத்தையே படிக்க இயலாத பிள்ளைக்கு இராசேந்திரன் காலத்துக் கல் என்ன சொல்லும்? இன்காவின் கயிறு அயலார் படையெடுப்பால் ஊமையாயிற்று. நம் கல் ஊமையாக எவரும் படையெடுக்க வேண்டுவதில்லை. நம் வீட்டின் சோம்பலே போதும்.

ஆதலின், அன்பர்களே, கோலாருக்குப் புறப்படும் நாளுக்கு முன்னே சில வாரங்களேனும் வீட்டில் அரிச்சுவடியைத் திறவுங்கள். கன்னடம் படிக்கும் நம் பிள்ளை தமிழும் படிக்கட்டும். அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கோலாரில் அவன் கல்லும் உண்டு, நம் கல்லும் உண்டு. ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டட்டும்.