சொல்லாத நன்றி: பிலிப்பி முதல் காட்கோபர் வரை

காட்கோபர், செம்பூர், தாராவிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களுக்கு, ஊழியப் பயணமாக வந்து தங்கிச் செல்லும் விருந்தினர் புதியவரல்லர். பயணம் முடியும் நாளில் இருவகை விடைபெறல்கள் நிகழ்கின்றன. நிறைவுக் கூட்டத்தில் ‘நன்றியுரை’ முறைப்படி இடம்பெறும். உணவும் இடமும் அளித்த வீட்டின் வாசலிலோ அச்சொல் அரிதாகவே ஒலிக்கும். ‘போய் வருகிறோம்’ என்பதே அங்கே விடைமொழி. பிறநாட்டு விருந்தினர் வாசலிலும் ‘நன்றி’ என்றால், ‘நமக்குள் என்ன?’ என்று வீட்டார் கூச்சப்படுவர்.

இதைத் தமிழரிடம் நன்றியுணர்வு குறைவு என்று வாசிப்பது எளிது, ஆனால் தவறு. ஊழியப் பயணத்தில் தம்மைத் தாங்கியவர்களுக்கு எழுதப்பட்ட மிகப் பழைய கிறித்தவ ஆவணங்களுள் ஒன்றே இவ்வாசிப்பை மறுக்கிறது.

மக்கெதோனியாவின் பிலிப்பி நகரில் பவுலுக்கு முதலில் வீடு திறந்தவர் இரத்தாம்பர வணிகம் செய்த லீதியாள். சிறையிலிருந்து விடுபட்ட பவுல் அவர் வீட்டுக்குச் சென்று விடைபெற்றே ஊரைவிட்டுப் போனதாக அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. பின்னும் அச்சபையார் பவுலுக்குப் பொருளுதவி அனுப்பினர். மீண்டும் சிறைப்பட்டிருந்தபோது எப்பாப்பிரோதீத்துவின் கையால் வந்த உதவிக்கு மறுமொழியே பிலிப்பியர் 4:10–20.

இப்பகுதி ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பியது. உதவியைப் பெற்றவர், ‘உங்களுக்கு நன்றி’ என்று ஓரிடத்திலும் கூறவில்லை. மகிழ்ந்தேன் என்கிறார், நீங்கள் செய்தது நல்லது என்கிறார், தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அனுப்பினீர்கள் என்று நினைவுகூர்கிறார், எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று வணிகப் பற்றுச்சீட்டின் சொல்லால் ஒப்புகிறார். கைம்மாற்றைக் கடவுள் செய்வார் என்று முடிக்கிறார். செருமானிய அறிஞர் மார்ட்டின் டிபெலியுஸ் இதனை ‘நன்றியற்ற நன்றி’ என்றார்.

இப்புதிரை விளக்க, எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரசு மடல் பெரிதும் உதவியது. பொ.ஆ. 58இல் கைராஸ் என்பவர் தியோனிசியுஸ் என்னும் மருத்துவ நண்பருக்குக் கிரேக்கத்தில் எழுதியது அது. நண்பரல்லாதவர்க்கே சொற்களால் நன்றி கூற வேண்டும், ஆகவே உமக்கு அதைத் தவிர்க்கிறேன் என்பது அதன் கருத்து. இதனைச் சான்றாகக் கொண்டு, பவுலின் மௌனம் நெருக்கத்தின் மரபு என்று 1990களில் ஜெரால்டு பீட்டர்மன் வாதிட்டார். அக்கால வழக்கில் சொல்லப்பட்ட நன்றி கணக்கை முடித்துவிடக்கூடியது. சொல்லாத நன்றி உறவைத் திறந்து வைத்தது.

விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. ‘யூகரிஸ்தெயோ’ என்னும் கிரேக்க நன்றி வினையைப் பவுலின் கடிதங்கள் கடவுளை நோக்கியே ஆள்கின்றன. அது மனிதரை நோக்கி வரும் ஒரே இடம் ரோமர் 16:4. அங்கே அதனைப் பெறுபவர்கள் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். கொரிந்துவில் பவுலுக்குத் தம் வீட்டில் இடமளித்தவர்கள். அவர்களோ அவர் உயிருக்காகத் தம் கழுத்தையே கொடுக்கத் துணிந்தவர்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பு இங்கே நுட்பமானது. 1871இல் வெளிவந்த பவர் திருப்புதல் இவ்வொரே வினையை இருவகையாகப் பிரிக்கிறது. பிலிப்பியர் கடிதத் தொடக்கத்தில், கடவுளை நோக்கும்போது, ‘ஸ்தோத்திரித்தல்’. ரோமர் 16இல், மனிதரை நோக்கும்போது, ‘நன்றியறிதல்’. 1995இன் திருவிவிலியமோ பிலிப்பியர் தொடக்கத்தில் கடவுளுக்கும் ‘நன்றி’ என்றே கூறுகிறது. இடைப்பட்ட காலத்தில் ‘நன்றி’ என்னும் சொல்லே பொருள் மாறியிருந்ததை இவ்வேறுபாட்டில் காணலாம்.

திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே ‘நன்றி’ என்பது பெறுபவர் கூறும் சொல்லன்று. கொடுத்தவர் செய்த நன்மை. பெறுபவர்க்கு உரிய வினை ‘அறிதல்’. அதனை மறவாதிருத்தலே கடன். நன்மையின் பெயராக இருந்த சொல், தனித்து நின்று ஒரு செயலை நிகழ்த்தும் வாய்ச்சொல்லாக மாறியது பிற்கால வளர்ச்சி. மேடையும் அலுவலகக் கடிதமும் அதனை ஏற்றன. வீட்டு வாசல் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

பம்பாயில் பிறந்த தமிழரான மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, 1985இல் வெளியிட்ட கட்டுரையில் தென்னிந்திய நன்றியை இவ்வாறே ஒரு சமூக முறைமையாக ஆராய்ந்தார். தமிழில் நேரடி வாய்மொழி நன்றி கூறல் இயல்பாக அமைவதில்லை. நன்றி, சைகையிலும் கைம்மாறு செய்யும் கடப்பாட்டிலும் வெளிப்படுகிறது என்பது அவர் காட்டும் திசை. பிலிப்பிக்கும் தமிழகத்துக்கும் இதில் வரலாற்றுத் தொடர்பு தேட வேண்டியதில்லை. நன்றியைச் சொல்லாக அன்றித் தொடரும் உறவாகக் கருதும் சமூகங்கள் ஒத்த தீர்வுகளை அடைகின்றன என்பதே போதுமான முடிவு.

எனினும் இம்மரபைப் போற்றி மட்டும் நிறுத்துவது முறையாகாது. சொல்லாத நன்றியில் ஓர் இடர் உண்டு: அறியப்படாத உழைப்பும் அதே மௌனத்துள் மறைந்துவிடும். நன்றியுரைகள் பெரும்பாலும் பொறுப்பாளர்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றன. சிறிய அறையில் விருந்தினருக்குப் பாய் விரித்துத் தாம் நெருக்கிப் படுத்த குடும்பத்தையும், விடியலில் தண்ணீர் பிடித்துச் சமைத்த பெண்ணையும் ‘அனைவருக்கும்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. பவுல் ‘நன்றி’ என்பதைத் தவிர்த்தார், செய்தவற்றைத் தவிர்க்கவில்லை. எந்த ஊரில், யார் கையால், எத்தனை முறை என்பது அவர் மடலில் உண்டு. ரோமர் 16 ஏறத்தாழ முழுவதும் பெயர்ப் பட்டியலே. முதலில் நிற்கும் பெயர் பெபேயாள் என்னும் பெண்ணுடையது. அடுத்து வரும் இணையரிலும் பிரிஸ்கில்லாளின் பெயரே முன்னிற்கிறது.

ஆகவே காட்கோபரிலிருந்து ஊர் திரும்பும் விருந்தினர் வாசலில் ‘நன்றி’ என்றாரா என்பது சிறிய கேள்வி. ஊர் சென்றபின் எழுதும் மடலில் எந்த வீட்டார் என்ன செய்தனர் என்பது இடம்பெறுகிறதா, அவ்வீட்டார் தம் ஊருக்கு வரும்போது கதவு திறக்கிறதா என்பனவே பெரிய கேள்விகள். ‘அறிதல்’ என்று குறள் அதிகாரம் குறித்ததும் அதுவே.