சம்பளச் சிட்டை இல்லாதவரின் சேமிப்பு: அரசின் எந்தத் திட்டம் எதற்கு உதவும்?

வடக்கு, கிழக்கில் கடற்றொழில், வயல் வேலை, மேசன் வேலை, தையல், சிறுகடை என்று உழைப்பவர்களில் பலருக்குச் சம்பளச் சிட்டை கிடையாது. ஊழியர் சேமலாப நிதியும் அவர்களுக்கு இல்லை. 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். தொழில்தருநரே இல்லாதவர் தானாக விரும்பிச் சேமித்தால்தான் முதுமைக்கு ஏதும் மிஞ்சும்.

போர் எமது சேமிப்பை இரண்டு விதமாகத் தின்றது. கையிலிருந்த நகையும் காசும் இடப்பெயர்வுகளில் விற்கப்பட்டன, அல்லது தொலைந்தன. வங்கியிலிருந்த பணமோ, புத்தகம் தொலைந்ததாலும் கணக்குக்கு உரியவர் காணாமற்போனதாலும் எடுக்க முடியாமல் கிடந்தது. ஆகவே ஒரு சேமிப்புத் திட்டத்தின் வட்டி வீதத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதற்கு முன் மூன்று கேள்விகள் உண்டு. பணத்துக்கு யார் பொறுப்பு? அவசரத்துக்கு எடுக்கலாமா? நான் இல்லாமற்போனால் அது யாருக்கு, எப்படிப் போய்ச் சேரும்?

தேசிய சேமிப்பு வங்கி

1885 இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கி உள்ளிட்ட பழைய சேமிப்பு அமைப்புகளை இணைத்து, 1971 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இவ்வங்கி உருவானது. வைப்புக்கும் அதன் வட்டிக்கும் அரசின் முழு உத்தரவாதம் இருப்பதைச் சட்டமே சொல்கிறது. உரிமம் பெற்ற ஏனைய வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். கிளை இல்லாத ஊரில் தபாலகம் ஊடாகவும் கணக்கை நடத்தலாம் என்பது இன்னொரு வசதி. தேவைப்படும்போது பணத்தை எடுக்கலாம்.

குறை, வட்டி விலைவாசியைத் துரத்திப் பிடிப்பதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதமாக ஏறியது. அந்த ஆண்டில் புத்தகத்திலிருந்த தொகை குறையவில்லை, ஆனால் அது வாங்கும் அரிசி குறைந்தது. வட்டியில் பிடிக்கப்படும் வரியும் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அப்பிடிப்பைத் தவிர்க்கலாம்.

ஊழியர் நம்பிக்கை நிதி

இது 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. வேலையில் இருப்பவருக்காகத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்துகிறார். சுயதொழில் செய்வோரும் விரும்பினால் தாமே பணம் செலுத்தி உறுப்பினராகலாம் என்பது எமது பகுதிகளில் பலருக்கும் தெரியாத விடயம். மரண உதவி, இருதய சத்திரசிகிச்சைக்கான உதவி, பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் போன்ற நலன்களும் இந்த நிதியில் உண்டு. அவற்றுக்கான தகைமை நிபந்தனைகளைச் சேரும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாதாரண வைப்பைப்போல நினைத்த நேரத்தில் இந்தப் பணத்தை எடுக்க முடியாது. 2023 இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பையும் மறக்கக்கூடாது. அப்போது வங்கி வைப்புகளில் கைவைக்கப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதியங்களின் திறைசேரி முறிகளே மாற்றப்பட்டன. அரசுக்கு நெருக்கடி வந்தால் இத்தகைய நிதியங்கள் முன்வரிசையில் நிற்கும் என்பதை அது காட்டியது.

ஓய்வூதியத் திட்டங்கள்

விவசாயிகளுக்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், கடற்றொழிலாளருக்கு 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. ஏனைய சுயதொழிலாளருக்கு 1996 இல் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறது. இளவயதில் சேர்ந்தால் தவணைப் பணம் குறைவு. உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை கிடைப்பது பெரிய ஆறுதல்தான்.

ஆயினும் இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. நிதி போதாமையால் விவசாயிகளின் ஓய்வூதியம் சில காலம் நின்றுபோய், 2014 இலேயே மீண்டும் தொடங்கியது. மற்றையது, வாக்களிக்கப்படும் ஓய்வூதியம் ரூபாவில் நிலைத்த தொகை. விலைவாசி ஆண்டுக்கு 6 வீதம் ஏறினால், 20 ஆண்டுகளின் பின் கிடைக்கும் 5,000 ரூபா இன்றைய 1,560 ரூபாவுக்குத்தான் சமன்.

எதை முதலில் செய்வது?

எனது கணக்கில் முதலிடம் தேசிய சேமிப்பு வங்கிக்கு. மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணம் அங்கே சேரும்வரை வேறெங்கும் போட வேண்டாம். நோயோ தொழில் முடக்கமோ வரும்போது நுண்கடன்காரரிடம் போகாமல் காப்பது அந்தப் பணம்தான். அதன் பின் மிஞ்சுவதை நம்பிக்கை நிதியில் நீண்டகாலத்துக்குப் போடலாம். ஓய்வூதியத் திட்டம் மூன்றாவது. அதையே முழு முதுமைக்கும் நம்பியிருக்கக்கூடாது. சமுர்த்தி வங்கியில் சேமிப்போர், அவை மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள் அல்ல என்பதை அறிந்து சேமிக்க வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் பின்னுரித்தாளியின் பெயரை முதல் நாளே பதியுங்கள். திருமணம், மரணம், பிரிவு ஏதும் நேர்ந்தால் அதை மாற்றுங்கள். கணக்கு இலக்கத்தை வேறொரு இடத்திலும், முடிந்தால் வேறொருவரின் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

போர்க்காலத்தில் விடுபட்ட பழைய கணக்கு இருந்தால், அது போய்விட்டதென்று கைவிட வேண்டாம். 10 ஆண்டுகள் அசையாத வைப்பு மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டாலும் உரிமை அழிவதில்லை. கணக்கு இருந்த வங்கியூடாகக் கோரலாம். உரியவர் காணாமற்போயிருந்தால், 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டப்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற்று, அவரது சொத்து விடயங்களைக் கவனிக்க உறவினர் முயலலாம். அதற்காக அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க வேண்டியதில்லை.