மொழிக்கணக்கும் மக்கள் விருப்பமும்: சித்தூர் எல்லைத் தீர்வு பற்றிய ஒரு மறுஆய்வு

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இப்பகுதியின் தமிழூர்களை மீட்கக் கோரியது. 1957இல் நடுவர் எச்.வி.படாஸ்கர் ஊரை அலகாகவும், மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு ஒரு தீர்வு அளித்தார். அதையொட்டி 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் மாறின. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எந்த ஊர் யாருக்கு உரியது என்று நிறையவே வாதிட்டிருக்கிறோம். ஊர்மக்களின் கருத்தை எவ்வாறு அறிந்தார்கள் என்று கேட்டது குறைவு. தாய்மொழிக் கணக்கு மக்கள் விருப்பத்துக்கு ஒரு சான்றாகலாம். விருப்பத்தின் இடத்தில் அதையே வைத்துவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊரை அலகாகக் கொண்டது படாஸ்கர் தீர்வின் சிறப்பு. மாவட்டத்தையோ வட்டத்தையோ மொத்தமாக எடைபோட்டிருந்தால் சிறுபான்மை ஊர்களின் குரல் கூட்டுத்தொகையில் கரைந்திருக்கும். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் மக்களைப் பற்றி அளக்கப்பட்டது மொழி மட்டுமே. நகரி, புத்தூர் போன்ற இடங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குபவை. கணக்கெடுப்பவர் தாய்மொழி என்று ஒன்றையே குறித்துக்கொள்வார். அந்தக் குடும்பம் வழக்குக்கு எந்த நீதிமன்றம் போக விரும்புகிறது, விளைச்சலை எந்தச் சந்தையில் விற்கிறது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்ப நினைக்கிறது என்பவை அந்தப் பதிவில் இடம்பெறா. அரக்கோணம்–ரேணிகுண்டா இருப்புப்பாதையில் அமைந்த ஊர்களுக்குச் சென்னையோடு இருந்த உறவும் அப்படியே விடுபட்டது. மொழியும் விருப்பமும் பிரிந்து நிற்கக்கூடும் என்பதற்கு ஆஸ்திரியாவின் கரிந்தியா சான்று. 1920 அக்டோபர் 10 வாக்கெடுப்பில், ஸ்லோவேனிய மொழியினர் பெரும்பான்மையாயிருந்த தென்மண்டலத்தில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் ஆஸ்திரியாவோடு இருக்கவே வாக்களித்தனர்.

போராட்டத்தில் திரண்ட கூட்டமே கருத்துக்கு அத்தாட்சி என்பர் சிலர். கூட்டம் ஈடுபாட்டின் ஆழத்தைக் காட்டும். வீட்டோடு இருந்தவர்களின் நிலைப்பாட்டை அது சொல்லாது. சட்டமன்றங்களின் இசைவே போதும் என்போருக்கும் இது பொருந்தும்: உறுப்பினர்கள் முழு மாநிலத்தின் நலனைப் பேசக் கடமைப்பட்டவர்கள், எல்லையூர்க்காரரோ அங்கே சிறுபான்மை. வாக்கெடுப்பு பகையை மூட்டிவிடும் என்ற அச்சமே இவற்றுள் வலுவானது. ஆனால் 1967 ஜனவரி 16இல் கோவா மக்களிடம் மகாராஷ்டிரத்தோடு இணைவதா, ஒன்றியப் பகுதியாகத் தொடர்வதா என்று நேராகக் கேட்டார்கள். தனித்திருப்பதற்கு 1,72,191 வாக்குகளும் இணைப்புக்கு 1,38,170 வாக்குகளும் விழுந்தன. பூசல் மிகுந்த அந்தக் கேள்வியும் வாக்குச்சீட்டில் தீர்ந்தது.

யாருடைய கருத்தைக் கேட்பது என்பதையும் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வடவெல்லையாகச் சொல்வதும், திருமலைக்குத் தமிழர் காலங்காலமாகச் செல்வதும் பண்பாட்டு உறவுக்கு உறுதியான ஆதாரங்கள். எனினும் திருப்பதியின் ஆட்சி எங்கே அமையவேண்டும் என்பதில் அங்கே குடியிருப்போருக்கே முதலுரிமை. யாத்திரிகரின் பற்று வாக்குரிமை ஆகாது. இந்த அளவுகோல் நம் கோரிக்கைக்கு எதிராகப் போகக்கூடும். போனாலும் அதை ஏற்பதே நேர்மை. மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடையிலான பெலகாவி எல்லை வழக்கு 2004 முதல் உச்சநீதிமன்றத்தில் நிற்கும் நிலையில், சித்தூர் தரும் பாடம் தெளிவு: அலகு ஊராக இருக்கட்டும், மொழிக்கணக்கு துணைச்சான்றாகட்டும், இறுதிச்சொல் அவ்வூராரின் இரகசிய வாக்காகட்டும்.