கெட்டுப்போன கிணறுகள்

திண்டுக்கல் தண்ணீரின் கதையைத் தோல் ஆலைகளிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்திலும் கழிவு ஓடத்தான் செய்தது. பிறகு குரோமியம் பரவியது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பும் அதோடு நிலத்துக்குள் இறங்கியது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது.

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே ஈடு தரவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் நம் பகுதியின் கணக்கும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று ஒரு தொண்டு அமைப்பின் ஆய்வு சொன்னது.

அந்த 350இல் ஊர்க் கிணறு எத்தனை, சேரிக் கிணறு எத்தனை? தீர்ப்பில் அந்தப் பிரிவு இல்லை. நாம் கேட்பது அதைத்தான். தங்கள் கிணறு உவர்த்தால் ஊரார் பங்காளி தோட்டத்துக் கிணற்றுக்குப் போகலாம். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் அள்ளிக் குடித்த பிறகும், நம் பாட்டிமார் அடுத்தவர் கிணற்றடியில் யாராவது இறைத்து ஊற்றும்வரை காத்து நின்றார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிய கைகளும் பெரும்பாலும் அந்த வீட்டுக் கைகள்தாம். நட்டஈடு கேட்க நிலக்காரரிடம் பட்டா இருந்தது. குடித்தவர்களிடம் குடம் மட்டும் இருந்தது.