முதல் மேட்ச் கணக்கு: 2008 ஏப்ரலில் ஆறு கோடியும் இரண்டு ரன்னும்

ராயபுரம் என்றதும் 1856ல் ரயில் நிலையம் கட்டிய சென்னை ராயபுரம் நினைவுக்கு வந்தால் கொஞ்சம் பொறுங்கள். இது திருப்பூர் ராயபுரம். பனியன் ஊர். 2008 ஏப்ரலில் திருப்பூர் மாநகராட்சியாகி நாலு மாதம்கூட முடியவில்லை, தனி மாவட்டமாக ஆனது 2009ல்தான். அதுவரை கோவை மாவட்டம்.

அந்த ஏப்ரலில்தான் ஐபிஎல் பிறந்தது. 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை பெங்களூரில் முதல் மேட்ச். கொல்கத்தாவின் மெக்கல்லம் 73 பந்தில் 158 ரன், கடைசி வரை அவுட் ஆகவில்லை. கொல்கத்தா 222. பதிலுக்கு ஆடிய பெங்களூர் 82க்குச் சுருண்டது! திராவிட் 2, காலிஸ் 8, ஒரு சின்னப் பையன் விராட் கோலி 1. இரட்டை இலக்கத்தைத் தொட்டவர் பிரவீண்குமார் மட்டும்தான், அவரும் 18. உதிரி ரன்களோ 19. அதாவது பெங்களூரின் டாப் ஸ்கோரர் 'எக்ஸ்ட்ராஸ்'!!

மறுநாள் சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள், வாரக் கூலி கையில் வரும் நாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் கம்பெனியை விட்டு வருகிறவர்களுக்கு டீக்கடை வாசலில் பேச விஷயம் வேண்டும். அன்றைக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் தன் முதல் மேட்சை மொஹாலியில் ஆடியது அன்றுதான். சென்னை 5 விக்கெட்டுக்கு 240. மைக்கேல் ஹஸ்ஸி 54 பந்தில் ஆட்டமிழக்காமல் 116. ரெய்னா, நம்ம பத்ரிநாத் இருவரும் முப்பதைத் தாண்டினார்கள். பஞ்சாப் 207 வரை துரத்தி வந்து 33 ரன்னில் தோற்றது.

கேப்டன் தோனி? 2 ரன்.

இங்கேதான் சண்டை ஆரம்பம். பிப்ரவரி 20 ஏலத்தில் எல்லோரையும் விட அதிக விலைக்குப் போனவர் தோனி, 15 லட்சம் டாலர். ஹஸ்ஸிக்கு மூன்றரை லட்சம் டாலர். டாலர் என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் விழிப்பார்கள், திருப்பூர்க்காரர் விழிக்க மாட்டார். 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் அந்த வருடக் கடைசியில் நாற்பதுக்குக் கீழே இறங்கி, ஏற்றுமதிக் கம்பெனிகளின் லாபத்தைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. ஆர்டரை 44க்குக் கணக்குப் போட்டு எடுத்து, பணத்தை 40க்கு வாங்கினால் என்ன மிஞ்சும்? அதனால் டாலர் விலை முதலாளிக்கு மட்டுமல்ல, டைலருக்கும் தெரிந்த விஷயம். 15 லட்சம் டாலரை நாற்பதால் பெருக்கினால் சரியாக 6 கோடி. ஹஸ்ஸிக்கு 1 கோடியே 40 லட்சம்.

பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்கு உட்காருகிறவர் இதை எப்படிப் பார்ப்பார்? லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 மேட்ச். அப்படிப் பிரித்தால் ஹஸ்ஸிக்கு ஒரு மேட்சுக்கு 10 லட்சம், 116 ரன்னுக்கு வகுத்தால் ரன் ஒன்றுக்கு சுமார் 8,600 ரூபாய். தோனிக்கு மேட்சுக்குக் கிட்டத்தட்ட 43 லட்சம், ரன் ஒன்றுக்கு 21 லட்சத்துக்கும் மேலே! பீஸ் ரேட் கட்சி ஜெயித்த மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் எல்லா வேலைக்கும் பீஸ் ரேட் கிடையாதே. செக்கிங், பேக்கிங் எல்லாம் ஷிப்ட் சம்பளம். கட்டிங் மாஸ்டர் ஒரு நாளில் எத்தனை பனியன் தைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் வெட்டியதில் பிசகு வந்தால் மொத்த லாட்டும் போச்சு. 207 வரை அடித்த அணியை 33 ரன்னுக்கு முன்னால் நிறுத்த யாரிடம் எப்போது பந்தைக் கொடுப்பது என்பதும் அந்த மாதிரி வேலைதான். கேப்டனுக்கு பீஸ் ரேட் போட முடியாது என்பதே நியாயமான வாதம். (ஆனாலும் 2 ரன் என்பது 2 ரன்தான், அதை மறைக்க முடியாது!)

சரி, அந்த முதல் வார வாதங்கள் எல்லாம் என்ன ஆயின?

மெக்கல்லம் அந்த சீசனில் 4 மேட்ச் ஆடி எடுத்தது 188. அதாவது முதல் நாள் 158, மற்ற மூன்றிலும் சேர்த்து 30. ஹஸ்ஸியும் 4 மேட்சில் 168. சென்னை முதல் நாலு மேட்சையும் ஜெயித்தது. பிறகு ஹேடன், ஹஸ்ஸி, ஓரம் மூவரும் தங்கள் நாட்டுக்கு ஆடக் கிளம்பிவிட, அடுத்த மூன்றும் வரிசையாகத் தோல்வி. நல்ல டைலர்கள் மூன்று பேர் ஒரே நாளில் நின்றால் லைன் என்ன ஆகுமோ அதே கதை. மே 10ல் பஞ்சாபுக்கு எதிராக சேப்பாக்கத்தில் பாலாஜி எடுத்த ஹாட்ரிக்தான் (ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்) கொஞ்சம் உயிர் கொடுத்தது. '2 ரன்' தோனி சீசன் முடிவில் 16 மேட்சில் 414 ரன். 6 கோடியை அதால் வகுத்தால் ரன் ஒன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

அந்த வருடம் அதிக ரன் எடுத்தவர் ஷான் மார்ஷ், 616. பஞ்சாப் வீரர். மொஹாலியில் ஹஸ்ஸி வெளுத்த அன்று அவர் அணியிலேயே இல்லை!

பெங்களூரில் மட்டும் முதல் நாள் பேச்சு நிஜமாகவே ஆளைக் காவு வாங்கியது. 'டெஸ்ட் டீம்' என்ற கேலி தொடர்ந்து ஓட, மே மாதத்தில் தலைமை நிர்வாகி சாரு சர்மா வெளியேற்றப்பட்டார். முதலாளி விஜய் மல்லையா ஆள் தேர்வு சரியில்லை என்று திராவிடையும் அவரையும் பகிரங்கமாகவே குறை சொன்னார். ஏலத்தில் கையைத் தூக்கியது எல்லோரும் சேர்ந்து, பழி மட்டும் இரண்டு பேருக்கு. அணி எட்டில் ஏழாவது இடம் பிடித்தது.

இன்னொன்று. ஏப்ரல் 19 அன்றே டெல்லியில் ராஜஸ்தான் ராயல்ஸ் ஆடியது. 129 ரன் எடுத்து, ஒரே ஒரு விக்கெட்டை வீழ்த்தி, 9 விக்கெட்டில் படுதோல்வி. எட்டு அணிகளில் மிகக் குறைந்த விலைக்குப் போன அணி (6.7 கோடி டாலர், சென்னையோ 9.1 கோடி டாலர்) என்பதால் அவர்களை யாரும் பெரிதாகப் பேசவே இல்லை. ஜூன் 1, நவி மும்பை இறுதிப் போட்டி. சென்னை 163. கடைசிப் பந்தில் அதைத் தாண்டி, 3 விக்கெட்டில் கோப்பையைத் தூக்கியது அதே ராஜஸ்தான்தான்.

திருப்பூர் பெயரில் ஓர் அணி வரப் பல வருடங்கள் ஆயின. டிஎன்பிஎல்லில் ஆடும் அந்த திருப்பூர் தமிழன்ஸ், 2025 ஜூலையில் திண்டுக்கல்லை அதன் சொந்த மண்ணிலேயே 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி முதல் கோப்பையை வென்றது.